ஒரே சட்டி, இரண்டு தட்டு

அய்யா,

கடிதம் என்றால் முதலில் நலம் என்று எழுத வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. முழங்காலில் நீர் கோத்திருக்கிறது. மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. மற்றபடி பொங்கித் தின்கிறேன். இதை நலம் என்று எடுத்துக்கொண்டால் சரி. போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். போனில் நான் மூன்றாவது வார்த்தைக்கு வருவதற்குள், "சரிம்மா, வேலை கெடக்கு, பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும். என்றைக்காவது எடுத்துப் படிப்பாய். ஒரே மூச்சில் எழுத முடியாது, நாலு நாள் ஆகும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு வருஷத் திதி கொடுக்க வந்தாயே, ஓசூருக்குத் திரும்பும் அவசரத்தில் அழுக்குத் துணியை விட்டுவிட்டுப் போனாய். உன் நீல பேன்ட்டை ஊறவைக்கும் முன் பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முப்பத்தி நாலு வருஷம் ஒரு ஆளுக்குத் துணி துவைத்த பழக்கம். நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அந்த மாதிரித் தாளை எனக்குத் தெரியும். ரத்தம் எடுத்துப் பார்த்த தாள். வரிக்கு ஒரு எண் இருக்கும். சில எண்களுக்குப் பக்கத்தில் மட்டும், ஒரே ஒரு படி வைத்த ஏணி மாதிரி ஒரு எழுத்து இருக்கும். அது இருந்தால் அளவு கூடியிருக்கிறது என்று அர்த்தம். அப்பாவின் தாளில் மூன்று இடத்தில் இருந்தது. உன்னுடையதிலும் மூன்று. மேலே உன் பெயர். உன் பெயரை இங்கிலீஷில் எனக்கு வாசிக்கத் தெரியும். நீ நோட்டில் எழுதிப் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

தாளை மேஜையில் விரித்து வைத்துவிட்டு உனக்குப் போன் போட்டேன். என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

"அது ஒண்ணுமில்லம்மா. கம்பெனியில எல்லாத்துக்கும் எடுத்தாங்க. கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட இருக்காம்."

"டாக்டரு என்னய்யா சொன்னாரு?"

"வெளிய சாப்பிடுவீங்களான்னு கேட்டாரு. இல்ல சார், வீட்டுச் சாப்பாடுதான்னு சொல்லிட்டேன். சரி, மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்னு விட்டுட்டாரு. நீ செல்விகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத. மாசமா இருக்கிற புள்ள, பயந்துரும். தன் சமையலைத்தான் கொற சொல்லுதாகன்னு நெனைச்சுக்கிடும்."

நீ வைத்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். உன் கம்பெனி வாசலில் பரோட்டாக் கடை இருப்பதும், நீ வாரத்தில் நாலு நாள் அங்கேதான் நிற்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக நிற்கவில்லை. நீ அந்த டாக்டரிடம் சொன்ன பொய்யை நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். வேறு ஊரில், வேறு ஆளிடம். அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்பா மில்லில் இருந்து நின்ற மறு வருஷம், நம் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவச முகாம் போட்டார்கள். நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் இருந்து பெண்கள் எல்லாரும் போனோம். அப்பா வரமாட்டேன் என்றார். "இந்தாங்க, சும்மா ஊசி குத்தி ரத்தம் எடுக்காக, அம்புட்டுதான்" என்று இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்தார்கள். தாள் வந்தபோது என்னுடையதில் ஏணி எழுத்து ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு மூன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்றார்கள்.

போனோம். டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார். சாப்பாடு பற்றிப் பேச அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். என் வயது இருக்கும், கண்ணாடி போட்டவர், அதட்டாமல் பேசுகிறவர். என் தாளையும் அப்பா தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல என்ன சமையல்மா? ஐயா என்ன சாப்பிடுவாக, நீங்க என்ன சாப்பிடுவீக?" என்று கேட்டார்.

அய்யா, நம் வீட்டில் நான் எப்படிப் பரிமாறுவேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் கவனித்திருக்கமாட்டாய், நீ உட்கார்ந்து சாப்பிடுகிறவன். சட்டி ஒன்றுதான், தட்டு இரண்டு. சாம்பாரில் மேலே இருக்கும் தெளிவு அப்பாவுக்கு. அடியில் கிடக்கும் காயும் பருப்பு மண்டியும் எனக்கு. காயைக் கண்டால் அப்பா ஓரத்தில் ஒதுக்குவார், ஒதுக்குவதை எடுத்து நான் தின்பேன். அவருக்கு வெள்ளைவெளேரென்று பொன்னி அரிசிச் சோறு. எனக்குக் கம்பங்கூழ், இல்லாவிட்டால் கேப்பைக் களி. அவருக்குத் தினம் முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, அதிலும் கொழுப்பு சேர்ந்த துண்டு. எனக்குக் குழம்பு. கூமாப்பட்டியில் இருந்து உன் அத்தை அவரைக்காயும் மொச்சையும் பை நிறையக் கொடுத்தனுப்புவாளே, அது முழுக்க நான்தான் தின்றேன். கொய்யாப்பழம் வாங்கினால் கொட்டை பல்லில் மாட்டுகிறது என்று அவர் வைத்துவிடுவார். வெண்டைக்காயின் வழவழப்பு அவருக்கு ஆகாது என்று அரை மணி நேரம் எண்ணெயில் வதக்கி மொறுமொறுவென்று கொடுப்பேன். நான் பச்சையாகவே நாலு கடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன். இதில் எனக்கு மனக்குறை இருந்தது என்று நினைக்காதே. நல்லதை அவருக்குக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். எட்டு மணி நேரம் மில்லில் பஞ்சுத்தூசியில் நின்றுவிட்டு வருகிற ஆளுக்கு நல்லது போக வேண்டும். என் அம்மாவும் அப்படித்தான் பரிமாறினாள், என் மாமியாரும் அப்படித்தான். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, கை தானாகப் போகும்.

சிஸ்டர் கேட்டதும் எனக்கு இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? பொண்டாட்டிக்குக் கூழை ஊற்றிவிட்டுத் தான் மட்டும் கறி தின்கிற ஆள் என்று அப்பாவை அந்த அறையில் இருக்கிற நாலு பேர் பார்ப்பார்கள். அப்பா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் சொன்னேன், "ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் சிஸ்டர். ஒரே சட்டிச் சோறு."

அவர் என்னைச் செத்த நேரம் பார்த்தார். "அப்படியா? காயெல்லாம் சாப்பிடுவாகளா?"

"அம்புட்டும் சாப்பிடுவாக."

"ஒரே சாப்பாட்டுல ஒருத்தருக்கு இப்படி, ஒருத்தருக்கு அப்படின்னா, இது உடம்பு வாகா இருக்கும்மா. அப்ப நான் சாப்பாட்டுல பெருசா மாத்த ஒண்ணுமில்ல. மாத்திரைய விட்டுராதீக" என்று எழுதிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. நான் சொன்னதை வைத்துத்தானே அவர் எழுத முடியும்.

வெளியே வந்ததும் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏட்டி, நல்ல வேளை, மானத்தைக் காப்பாத்துனே" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் கால் கிலோ பால்கோவா வாங்கினார்.

"எதுக்குங்க இது, இப்பத்தான டாக்டரு சொன்னாரு?"

"ஸ்ரீவில்லிபுத்தூரு வரைக்கும் வந்துட்டு ஊசி மருந்து வாசனையோடவா திரும்புறது? இன்னைக்கு ஒரு நாளு. நாளையில இருந்து நான் சாமியாரு."

நானும் சிரித்தேன். எனக்கும் ஒரு விரல் அளவு கொடுத்தார். அந்த வழியெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கவில்லை என்கிற பெருமை. இதை எழுதும்போது கை வலிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

விட்ட இடத்தில் தொடங்குகிறேன். அப்பா இரண்டு மாதம் மாத்திரை போட்டார். பிறகு கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிற அக்கா ஒருத்தி, வெந்தயத்தை ஊறவைத்துக் கொடு, ஓட்ஸ் கொடு, நார்ச்சத்து எல்லாக் கொழுப்பையும் வழித்துக்கொண்டு போய்விடும் என்றாள். யாரோ போனில் அனுப்பிய படத்தையும் காட்டினாள். நான் ஓட்ஸ் வாங்கிக் கஞ்சி காய்ச்சி வைத்தேன். அப்பா ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது என்னட்டி?"

"ஓட்ஸு. நெஞ்சுக்கு நல்லதாம்."

"தறியில நூலுக்குப் போடுற கஞ்சில்லா இது. என்னையும் பாவு ஓட்டி நெய்யப் போறியா?"

அவர் பேச்சு உனக்குத் தெரியுமே. சிரிக்கவைத்தே தட்டைத் தள்ளிவிடுவார். வெந்தயத்தையும் கசக்கிறது என்று துப்பினார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். "ஒண்ணு மாத்திர, இல்ல வெந்தயம். ரெண்டும் போட்டு என்னைக் கொல்லாத. எது வேணும்னு நீயே சொல்லு."

நான் வெந்தயம் என்று சொன்னேன்.

அய்யா, இந்த ஒரு வரியை எழுதத்தான் இந்தக் கடிதத்தை மூன்று நாள் தள்ளிப்போட்டேன். மாத்திரைக்கு மாதாமாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், எனக்கு ஒரு நாள் லீவு போடவேண்டும். வெந்தயம் என் கையால் ஊறவைத்துக் கொடுப்பது. என் கையால் கொடுப்பது எதுவும் அவருக்குக் கெடுதல் செய்யாது என்று நினைத்தேன். அதிலும் அவர் வெந்தயத்தை முழுங்கினாரா, கொல்லைப் பக்கம் கொட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. கொல்லையில் ஒருநாள் வெந்தயச் செடி வரிசையாக முளைத்திருந்தது. அதைப் பறித்துக் கடைந்து நானே சாப்பிட்டேன். அப்போதும் சிரிப்புத்தான் வந்தது.

அவர் போன விதம் உனக்குப் பாதிதான் தெரியும். நெஞ்சுவலி என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னேன். உன் அத்தை பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். கூமாப்பட்டிக்குப் போய்விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கிருந்து ராஜபாளையத்துக்கு வேறு பஸ் ஏறினோம். கூட்டம். நான் முன்னால் பொம்பளை சீட்டில், அப்பா பின்னால். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன், ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தார். கறி விருந்து தின்றுவிட்டுத் தூங்குகிறார் என்று நினைத்தேன். நம் ஸ்டாப்பில் முன்வழியாக இறங்கிப் பின்வாசலுக்கு நேராக நின்றேன். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அவர் இறங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "இந்த மனுசனுக்கு எங்க போனாலும் தூக்கம்" என்று சத்தமாகவே சொன்னேன், பக்கத்தில் நின்ற பூக்காரி சிரித்தாள். கண்டக்டர்தான் ஏறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கடைசியாக நான் அவரைப் பற்றிச் சொன்ன வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பிறகு எனக்கு பிரஷர் என்று போக வேண்டியதாயிற்று. அதே சிஸ்டர் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஐயா எப்படி இருக்காக?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அவர் கேட்காமலேயே நான் மற்றதையும் சொன்னேன். தெளிவு, மண்டி, கூழ், கறி, மாத்திரை, வெந்தயம் எல்லாம். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னை முழுசாகப் பேசவிட்டார்.

"நான் அன்னைக்கு உள்ளதச் சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாகளா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா" என்றார். "பொழைச்சிருப்பாருன்னும் சொல்ல முடியாது, மாட்டாருன்னும் சொல்ல முடியாது. ஆனா சொல்லியிருந்தா உங்க தட்டத்தான் அவருக்கும் குடுக்கச் சொல்லியிருப்பேன். மாத்திரையோட சேத்து."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் அவர் சொன்ன மற்றதையும் நான் நம்புகிறேன். அதை உனக்கு எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். நீ என்னைவிடப் படித்தவன், ஆனாலும் கேள்.

தின்ற கொழுப்பைச் செரிக்க ஈரல் பித்தநீர் சுரக்கிறது. அந்தப் பித்தநீரை ஈரல் கொலஸ்ட்ராலை வைத்துத்தான் செய்கிறது. வேலை முடிந்ததும் உடம்பு அதை வீணாக்காது, குடல் அதை உறிஞ்சித் திரும்ப ஈரலுக்கே அனுப்பிவிடும். மறுபடி அதே நீர், மறுபடி அதே வேலை. நார்ச்சத்தில் இரண்டு வகை. தவிட்டில் இருப்பது மாதிரி கரையாதது ஒன்று, அது வயிற்றைக் கழுவும். தண்ணீரில் கரைவது இன்னொன்று. அவரைக்காய், மொச்சை, பீன்ஸ், ஓட்ஸ், வெந்தயம், கொய்யா, வெண்டைக்காயின் அந்த வழவழப்பு, இதிலெல்லாம் அதுதான் இருக்கிறது. அது குடலில் கொழகொழவென்று ஆகி, பித்தநீரைத் திரும்பிப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். பித்தநீர் குறைந்தால் ஈரல் சும்மா இருக்க முடியுமா? புதிதாகச் செய்ய வேண்டும். செய்வதற்கு ரத்தத்தில் ஓடுகிற கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். அப்படித்தான் அளவு இறங்குகிறது.

எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் பேண்டேஜ் துணியை வெளுக்கிற இடத்தில், அலசின தண்ணீரையே மறுபடி தொட்டிக்குத் திருப்பிவிடுவார்கள். அதுவரைக்கும் கிணற்றில் தண்ணீர் நிறைந்து நிற்கும். ஒருநாள் மடையைத் திறந்து தொட்டித் தண்ணீரை வெளியே விட்டுவிட்டால், கிணற்றில் இருந்து இறைத்தாக வேண்டும், கிணறு இறங்கும். சிஸ்டரிடம் சொன்னேன். "நீங்க என்னைவிட நல்லாச் சொல்லுதீக" என்றார். வெண்டைக்காயை வதக்கினால் அந்தச் சத்து போய்விடுமா என்றும் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வதக்கினதுக்காக அழாதீகம்மா. எண்ணெயக் கொறைச்சு வதக்குங்க, போதும்" என்றார்.

கடைசியில் ஒன்று சொன்னார். நார்ச்சத்தால் இறங்குவது கொஞ்சம்தான். நிறையக் கூடி இருப்பவர்களுக்கு அது மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்குப் பதில் இல்லை. இரண்டில் ஒன்று என்று பேரம் பேசுகிற விஷயம் இல்லை. ஒரேயடியாக அள்ளிப் போட்டாலும் வயிறு உப்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். "அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் இருக்கலாம்மா. பையனைப் பாக்கச் சொல்லுங்க" என்றார். நான் உனக்குச் சொன்னேன். நீ "பாக்கேன்மா" என்றாய். கம்பெனியில் எடுத்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் நீ பார்த்திருக்கமாட்டாய்.

உன் தட்டையும் நான்தான் கெடுத்தேன் அய்யா. சின்னப் பிள்ளையில் உனக்கும் தெளிவைத்தான் ஊற்றினேன், ஆம்பிளைப் பிள்ளை என்று. உன் கல்யாணம் முடிந்து நான் ஓசூருக்கு வந்து இருந்த அந்தப் பத்து நாளில் செல்விக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். "அவன் காயத் தின்ன மாட்டான், அவனுக்குத் தெளிவா ஊத்து. மிச்சத்த நீ பாத்துக்க" என்று என் வாயால் சொன்னேன். மகாராஜபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அவள் தலையாட்டினாள். மறுநாளே நீ டிவி பார்த்துக்கொண்டு தின்ன, அவள் அடுப்படியில் நின்றபடியே அடிமண்டியை வழித்துத் தின்றாள். எனக்கு மனசு குளிர்ந்தது. நல்ல மருமகள் என்று ஊரில் வந்து சொல்லிக்கொண்டேன்.

இப்போது உனக்கு என்ன சொல்ல வருகிறேன் என்று தெரிந்திருக்கும். அந்த டாக்டரிடம் திரும்பப் போ. மூன்று மாதம் காத்திருக்காதே. பரோட்டா தின்பதைச் சொல். அப்பா எப்படிப் போனார் என்பதையும், எந்த வயதில் என்பதையும் சொல். அவர் மாத்திரை கொடுத்தால் போடு, வேண்டாம் என்றால் வேண்டாம், அது அவர் பாடு. வீட்டில் செல்வி தின்பதை நீயும் தின். நான் உன்னிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. காயை ஒதுக்காதே, அவ்வளவுதான். இதை எழுதவே எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஏனென்றால் உன் அப்பாவிடமும் இதையேதான் சொன்னேன், அவர் சிரித்தார்.

அதனால் உன்னை நம்பி விட்டுவிட எனக்குத் தைரியம் இல்லை. இன்று காலையில், நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு, செல்விக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்று சொன்னதை மீறித்தான் சொன்னேன். ஒரு தடவை ஒரு ஆளின் மானத்தைக் காப்பாற்றினேன், ஆளைக் காப்பாற்றவில்லை. இன்னொரு தடவை என்னால் ஆகாது.

நான் சொன்னதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எம்புட்டு நாளா அத்தை தெரியும் அவுகளுக்கு?" என்றாள்.

"ஒரு மாசம் இருக்கும்மா."

"ஒரு மாசமா எங்கையாலதான சாப்பிடுதாக. ஒரு வார்த்தை சொல்லல. நான் போட்ட எண்ணெயையும் நெய்யையும் அம்புட்டும் தின்னுக்கிட்டு உக்காந்திருக்காக." அழுதாள். பிறகு அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் பயப்படல அத்தை. கோவமா வருது. அவுக வரட்டும்" என்றாள். அவள் கோபப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. நான் அப்பாவிடம் ஒரு நாளும் அப்படிக் கோபப்பட்டதில்லை. அவர் சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன். அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். நான் அந்தப் பத்து நாளில் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்துவிடு, கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கலக்கி இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி ஊற்று, நீயும் உட்கார்ந்து சாப்பிடு, வயிற்றுப் பிள்ளைக்காரி நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது என்றேன். "சரி அத்தை" என்றாள்.

இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். உன் அத்தை படித்தாலும், உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. என் புருஷனுக்கு நான் எப்படிப் பரிமாறினேன் என்பது ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

இது உன் கைக்கு வரும்போது வீட்டில் சண்டை நடந்து முடிந்திருக்கும். என் மேல் உனக்குக் கோபம் இருக்கும். அம்மாவை நம்பி ஒன்றைச் சொன்னால் பொண்டாட்டியிடம் போட்டுக்கொடுத்துவிட்டாளே என்று இருக்கும். இருக்கட்டும். வைத்துக்கொண்டு இருக்காதே, போன் போட்டுத் திட்டு. வேலை நேரம், இரைச்சல் என்று பார்க்காதே. நான் குறுக்கே பேசமாட்டேன். நீ எவ்வளவு நேரம் திட்டினாலும் நின்று கேட்பேன். திட்ட நீ இருந்தால் எனக்குப் போதும்.

அம்மா